அவுகளுக்கு மூணு நம்பர்

முனீஸ்வரியின் போனில் கணவன் அருஞ்சுனைக்கு மூன்று நம்பர்கள் இருந்தன. 'அவுக 1', 'அவுக 2', 'அவுக 3' என்று போட்டு வைத்திருந்தாள். மூன்றும் டோகோ நாட்டு நம்பர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு நாடு இருப்பதே, அருப்புக்கோட்டை ஏஜெண்டு அவனை அங்கே செல்போன் டவர் ஏற்றும் வேலைக்கு அனுப்பியபோதுதான் நரிக்குடிப் பக்கத்தில் பலருக்குத் தெரிந்தது.

ஆந்திராவிலும் ஒடிசாவிலும் டவர் ஏறிப் பழகியவன் அருஞ்சுனை. போன புதிதில் தினமும் வாட்ஸப்பில் வந்து கதை சொல்வான்.

"இங்க எல்லாரும் சிம்மு வாங்குறாக முனீசு. நாங்க டவர நிப்பாட்டி எறங்கலை, அதுக்குள்ள கீழ ஒருத்தன் கொடைய விரிச்சுச் சிம்மு விக்கிறான். கஞ்சி விக்கிற பொம்பளகூட ரெண்டு வச்சிருக்கு. ஒரு கம்பெனி சிக்னலு இந்த ஊர்ல கெடைச்சா அடுத்த ஊர்ல கெடைக்காது. நான் மட்டும் ஒண்ணை வச்சு என்ன செய்ய?"

அப்படித்தான் அவனுக்கும் நம்பர் கூடியது. வேலை வடக்கே நகர நகர, வீட்டுக்குப் பேசுவதுதான் குறைந்துகொண்டே வந்தது.

கார்த்திகையில் ஒரு வாரமாகப் போனே இல்லை. மிளகாய்க் காட்டில் களை எடுக்கும்போதும் முனீஸ்வரி போனை மடியில் வைத்திருந்தாள். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் வரப்பில் உட்கார்ந்து மூன்று நம்பரையும் அழுத்தினாள். மூன்றாவது ஆஃப். இரண்டாவதில் மணியே போகவில்லை. மாதக்கணக்கில் தொடாத முதல் நம்பரை உடனே எடுத்தார்கள்.

"அலோ?"

பொம்பளைக் குரல். பின்னால் பிள்ளை அழும் சத்தம்.

கட் பண்ணினாள். திரும்பப் போட்டாள். அதே குரல்.

"யாரு நீ? அவுககிட்ட குடு போன!"

அந்தக் குரல் புரியாத பாஷையில் நீளமாக ஏதோ சொல்லி, கடைசியில் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளை இருக்கவிடவில்லை. களைக்கொத்தியைக் காட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தோமா என்று போய்ப் பார்த்தாள், வாளி நிறைந்திருந்தது. திரும்பி வந்து, மறுபடியும் போய்ப் பார்த்தாள். தவிடு வாங்க நரிக்குடிக்குப் பஸ் ஏறியவள், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தாள்.

அருஞ்சுனையின் அக்காள் தங்கலட்சுமி அடுத்த தெருவில் இருந்தாள். அவளிடம் சொன்னதும் வெடித்தாள்.

"என் தம்பி அப்பேர்ப்பட்ட ஆளு இல்ல, பாத்துக்க!" கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "எளவட்டக் கொரலா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும் மதினி? அலோங்கிறதுல வயசா தெரியும்?"

மறுநாள் அந்த நம்பரே வீடியோவில் கூப்பிட்டது. தங்கலட்சுமி பக்கத்தில் இருந்த தைரியத்தில் முனீஸ்வரி எடுத்தாள். முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டி முன்னால் தாட்டியான ஒரு பெண். பொரிகிற பலகாரத்தைக் கரண்டியால் தூக்கிக் காட்டி, நீ யாரம்மா என்பதுபோல் தாடையை ஆட்டினாள்.

முனீஸ்வரி பதிலுக்கு, டவர் அடியில் ஹெல்மெட்டோடு அருஞ்சுனை நிற்கும் படத்தை அனுப்பினாள். அந்தப் பெண் உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லாத் தலையும் இல்லையென்று ஆடின. பலகாரம் வாங்க வந்த ஒருவர் போனை வாங்கி, இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நியூ சிம். ஷி பை. திஸ் மேன், நோ."

பத்தாவது படித்த முனீஸ்வரிக்கு அது போதும். புதுசாக வாங்கிய சிம். இந்த ஆளைத் தெரியாது.

"நாந்தான் சொன்னேன்ல," என்று தங்கலட்சுமி எழுந்து போய்விட்டாள். முனீஸ்வரியால் எழ முடியவில்லை. ஒருத்தியோடு இருக்கிறான் என்றால் ஆள் உயிரோடாவது இருக்கிறான். அதுவும் இல்லையென்றால் எங்கே போனான்? டவரிலிருந்து விழுந்தவர்களைப் பற்றி அவனே சொல்லியிருக்கிறான்.

அடுத்த பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போனாள். ஏஜெண்டு சங்கரபாண்டியன் அவளை உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீகம்மா. சிக்னலு இல்லாத எடத்துலதான டவரு வேலையே இருக்கும்?"

"அப்ப அங்க அவுகளுக்கு என்னமும் ஆச்சுன்னா எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் டோகோவிலுள்ள ஆபீசுக்குப் போட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. உட்கார்வதும் எழுவதுமாகச் சாயங்காலம் வரை இருந்துவிட்டு முனீஸ்வரி ஊர் திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில், புதிதாக ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது.

"முனீசு, நாந்தான். காட்டுக்குள்ள கெடந்தோம். இப்பத்தான் நாங்க நட்ட டவர்லயே லைன் வந்துச்சு. மொதப் போனு ஒனக்குத்தான்."

வாயில் வந்தபடி ஏசினாள். ஏசிக்கொண்டே அழுதாள். பிறகு அந்த முதல் நம்பரைப் பற்றிக் கேட்டாள்.

"அதுக்குக் காசு போடாம விட்டேன், செத்துப்போச்சு. கம்பெனிக்காரன் வேற ஆளுக்கு வித்திருப்பான்."

"ஒரு அக்கா வச்சிருக்கு. பலகாரம் சுடுது. இன்னொரு வருசம்னு கையெழுத்துப் போட்டீகன்னா நானும் அந்தச் சட்டி முன்னால வந்து ஒக்காந்துருவேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மாசியில் ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிட்டான்.

வந்தவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்ப் பாதியில் ரோட்டுக்கு வந்து நிற்பான். கடைசியில் பரமக்குடிப் பக்கம் டவர் ரிப்பேர் வேலையில் சேர்ந்தான். காலையில் பைக்கில் போனால் பொழுதடைய வீடு. சிக்னலுக்குக் குறைவில்லை, நினைத்த நேரம் பேசலாம். என்றாலும் வெயில் இறங்கியதும் முனீஸ்வரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கத் தொடங்குவாள். பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளே ஓடி, அப்போதுதான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள்போல் குனிந்துகொள்வாள்.