சிவப்பு நாடா கட்டிய அமரர் ஊர்தி

செல்வதாஸும் மகள் சுபிதாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஊர்த் திருச்சபை வாங்கிய அமரர் ஊர்தியின் பிரேக்கைச் சோதித்தது. மெக்கானிக்கல் இன்ஜினியரான சுபிதா ஓட்டினாள். அப்பா பின்னால், பெட்டி வைக்கும் இடத்தில், மார்பில் கைகோத்துப் படுத்துக்கொண்டார். பாரமில்லாமல் ஓட்டினால் அது சோதனையே இல்லையாம்.

கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கும் சரிவில் குரல் வந்தது. “ஏட்டி, இப்பம் பிடி.”

பிடித்தாள். வண்டி இடப்பக்கம் திரும்பி, மதிலை முகர்ந்து நின்றது.

“இது பறக்காது” என்றார், படுத்தபடியே.

விமானப்படையில் அவர் சோதனை விமானியாக இருந்தவர். நம் நாட்டிலேயே செய்த போர் விமானத்தை முதன்முதலாக மேலே கொண்டுபோனவர்களில் ஒருவர். எங்கே கெடும் என்று கெடுத்துப் பார்த்து, கெட்டதோடு திரும்பி வருவதுதான் உத்தியோகம். ஒருமுறை வானத்திலேயே இன்ஜின் நின்றுவிட, இறக்கையை நம்பி இறக்கினார். ‘இறக்கை நன்று, இன்ஜின் தேறாது’ என்று அறிக்கை எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். சொந்த ஊரான கருங்கல்லுக்கு அதில் பெருமைதான். கல்ஃபில் பயணிகள் விமானம் ஓட்டியிருந்தால் வீட்டுக்கு இன்னொரு மாடி ஏறியிருக்குமே என்ற வருத்தமும் உண்டு.

சபைச் செயலாளர் எபிசன், வண்டியைப் பிரதிஷ்டை செய்யப் பந்தலே போட்டிருந்தார். “உள்ள கெடக்கவன் புகாரா சொல்லப்போறான், சார்?”

“முன்னால நடக்கவன் சொல்லுவான். நீரு முன்னாலதான நடப்பீரு?”

ஸ்டியரிங்கில் சிவப்பு நாடாவைக் கட்டினார். விமானப்படையில் அது கட்டிய எதுவும் நகராது. பிரேக் ஷூவைத் தானே வாங்கி வருவதாகவும் சொன்னார். எபிசன் போனால் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிடுவார்களாம்.

கடைக்குப் போகவேண்டிய காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டு முன்னால் ஃபிளெக்ஸ் ஏறியது. செல்வதாஸின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பயணிகள் விமானம், கைகூப்பும் ஏர்ஹோஸ்டஸோடு. ஊர் தன் பங்குக்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தது. வாசலில் தோவாளைப் பூ சுற்றிய அமரர் ஊர்தி.

“முதல் ஓட்டம் சாருக்குத்தான், மக்கா” என்றார் எபிசன்.

“நாடா எங்க, அண்ணே?”

“பூவுக்கு எடுப்பா இல்ல. கழற்றியாச்சு.”

சுபிதா சாவியை உருவிக்கொண்டாள். “அப்பா பாஸ் போடாத வண்டியில அப்பா போகமாட்டாரு. தூக்குங்க.”

“அந்தச் சரிவுல தோள் வலிக்குமே.”

“வலிச்சா சொல்ல உங்களுக்கு வாயிருக்கு.”

தூக்கினார்கள். எபிசனுக்கு இடப்பக்க மூலை. பாதிச் சரிவில் அவருக்கு மூச்சு வாங்க, பெட்டி இடப்பக்கம் சாய்ந்தது. உள்ளிருந்து குரல் வருமென்று சுபிதா ஒரு கணம் காத்திருந்தாள்.

திரும்பி வந்ததும் நாடாவைத் தேடியெடுத்து ஸ்டியரிங்கில் கட்டினாள். செல்வதாஸ் சொல்லி எடுத்துவைக்கச் செய்த பிரேக் ஷூ, கருங்கல் சந்தைப் பக்கத்துக் கடையில் இன்னும் இருக்கிறது.