கோழி பொரிக்கும் மூன்று நாட்கள்

1. திங்கட்கிழமை மதியம், எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரத் தூரத்தில் கார்ஹிங்கில் உள்ள ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வேலைக் கடிதம் வந்தது. அளவீட்டுக் கருவிகள் சம்பந்தமான வேலை. நான் படித்தது அதைத்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

2. மாலையில் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். இருவருக்கும் சந்தோஷம். அம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றினார்.

3. ஏற்றிவிட்டு வந்து, "அப்ப அப்பாவுக்கு ஆர் கோழி பொரிச்சுக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

4. வியாழக்கிழமை நான் பதில் எழுதினேன்.

அம்மாவின் கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், எனக்குக் கலியாணம் சரிவர வேண்டும் என்று அவர் நேர்த்தி வைத்தார். அது நடக்கும்வரை மச்சம், அதாவது மீன் இறைச்சி எதுவும், சாப்பிடுவதில்லை, கையால் தொடுவதுமில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. சில மாதங்களில் அப்பாவுக்கு நீரிழிவு கூடியது. இரவில் சோற்றைக் குறைத்து, கொஞ்ச எண்ணெயில் பொரித்த கோழியும் மரக்கறியும் சாப்பிடச் சொன்னார் வைத்தியர். அன்றிலிருந்து அந்தக் கோழி என் பொறுப்பு.

செவ்வாயும் வெள்ளியும் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. சனி, ஞாயிறில் எங்காவது விருந்துச் சாப்பாடு இருக்கும். மிச்சம் மூன்று நாட்கள். வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும், மச்சத்துக்கென்று பல்கணிப் பெட்டியில் தனியாக வைத்திருக்கும் பொரிக்கிற தாச்சியை எடுப்பேன். துடையிறைச்சியை ஈரம் போகத் துடைத்து உப்பு, மிளகு, கொஞ்சம் மஞ்சள் பூசுவேன். தோல் கீழே இருக்க ஏழு நிமிடம், திருப்பி ஆறு நிமிடம். கடைசியில் தேசிக்காய்ப் புளி. கஷ்டமான சமையல் இல்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று நிமிடமும் அடுப்பை விட்டு நகர முடியாது.

செவ்வாய்க்கிழமை மூன்று வழிகளை எழுதி மேசையில் வைத்தேன். கடையில் பொரித்ததை வாங்குவது: அதில் உப்பும் எண்ணெயும் கூடுதல் என்று அப்பா தள்ளிவிட்டார். நேர்த்தியை முடித்துக்கொள்வது: அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "உனக்காகத்தானே வைச்சனான். அரைவாசியில விடேலாது" என்றார். மூன்றாவது வழி, அப்பாவே பொரிப்பது. அதை மட்டும் இருவரும் மறுக்கவில்லை.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தவர். வீட்டில் ஒருநாளும் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. புதன்கிழமை அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, மணியை ஏழு நிமிடத்துக்கு வைத்தேன். அவர் மணியைப் பார்க்கவில்லை. தாச்சியின் சத்தம் தணிந்ததும் நான்கு துண்டையும் திருப்பினார். அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. தோல் ஒரே நிறமாகச் சிவந்திருந்தது. எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். சொல்லியும் விட்டேன்.

விறாந்தையில் இருந்த அம்மா சிரித்தார். "என்னைக் கட்டின நாளில இருந்து ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்த மனிசன் இல்லை. உனக்கு நல்லா நடிச்சுக் காட்டுறார்."

அப்பா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்து, கையைக் கழுவித் துடைத்தார். "அந்தக் குசினியில நிண்டது காணும், பிள்ளை. இனி அடுப்படியில நிக்க என்னாலை ஏலாது. நீ போறதெண்டா போ. நான் பாணைச் சாப்பிட்டிட்டுக் கிடப்பன்."

அவருடைய முன்கையில் எண்ணெய் தெறித்த பழைய புள்ளிகள் நிறைய இருக்கின்றன. நான் வாதாடவில்லை. பாண், அந்த வெள்ளை ரொட்டி, அவருக்குச் சோற்றை விடக் கெடுதல் என்பது மூன்று பேருக்கும் தெரியும். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மறுநாள் மதிய இடைவேளையில், குடும்பக் காரணத்தால் வர முடியவில்லை என்று ஜெர்மனில் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் மரியாதையான பதில் வந்தது.

அது நடந்து ஐந்து மாதம். திங்கள், புதன், வியாழனில் கோழி பொரிக்கிறேன். அப்பாவின் நீரிழிவு குறைந்திருக்கிறது. அம்மாவின் நேர்த்தி தொடர்கிறது. டுசல்டோர்ஃபில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.