துரை போய் நின்ற கதவு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. யாருக்கு நடந்தது தெரியுமா? பேய் என்று யாராவது வாயெடுத்தாலே, வேறு வேலை இல்லையா என்று எழுந்து போய்விடுகிற ஒருத்திக்கு.

காது பரிசோதனை அவள் வேலை. சத்தமே புகாத சின்ன அறையில் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே இருக்கும் மெஷினிலிருந்து ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக மெல்லிய சத்தம் அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். புளுகுகிறவர்களும் வருவார்கள். அவர்களுக்கென்றே ஒரு வித்தை வைத்திருந்தாள். சத்தமே அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் அழுத்தினால் ஆள் மாட்டிக்கொண்டான். இப்படியே பழகி, யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படுவது அவளுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

இந்த வேலைக்கு அவள் வந்ததே அம்மாவால்தான். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் அம்மாவுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. வீட்டில் யாராக இருந்தாலும் அம்மாவின் வலது பக்கமாகப் போய் நின்றுதான் பேசுவார்கள். துரைகூட அங்கேதான் போய் நிற்கும். துரை என்பது நாய். சோபாவை விட்டு இறங்காமல் வேளாவேளைக்குச் சாப்பாடு எதிர்பார்த்ததால் வந்த பெயர்.

அம்மா காலமான பிறகு அப்பா ஒரு புதுப் பேச்சு ஆரம்பித்தார். வாயையே திறக்க வேண்டாமாம். மனசுக்குள் கூப்பிட்டாலே துரை எழுந்து வருகிறதாம். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அப்பாவுக்குப் புத்தி பிசகுகிறது, இனி தனியாக விடக்கூடாது, முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டேன் என்றான். அங்கே நாயைச் சேர்க்க மாட்டார்கள். அப்பா மகளைப் பார்த்தார்.

"நீயே சோதிச்சுப் பாரும்மா. பொய்னா நான் போயிடறேன்."

உண்மை என்று தெரிந்தால் அப்பாவும் துரையும் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அண்ணனும் இறங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கம் ஈ காக்கா இல்லை. அப்பாவை ஒன்றாம் அறையில் உட்கார வைத்து, கண்ணாடிக்குத் திரை போட்டாள். பட்டன் வேண்டாம், சத்தம் கேட்கும்போதெல்லாம் துரையை மனசுக்குள் கூப்பிட்டால் போதும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் அதே மெஷினோடு இணைத்த இரண்டாம் அறை. அது காலி. துரை வெளியே தரையில் படுத்திருந்தது. தன் கை அசைவைப் பார்த்து எழுந்துவிடுமோ என்று மெஷினுக்கு முன்னால் ஒரு அட்டையை வேறு நிறுத்தினாள். பெற்ற அப்பாவையே நம்பவில்லை, நாயை நம்புவாளா!

மணி பதினொன்று பத்து. வலது காதுக்கு முதல் சத்தம்.

துரை காதை நிமிர்த்தியது. எழுந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள்.

ஆனால் துரை அப்பா இருந்த கதவுக்குப் போகவில்லை. இரண்டாம் அறைக் கதவுக்குப் போய் வாலை ஆட்டியது. இழுத்து வந்து படுக்க வைத்தாள்.

மறுபடி வலது. மறுபடி எழுந்தது... அதே கதவு.

இடது காதுக்கு அனுப்பினாள். அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். ம்ஹூம். அப்பாவுக்கு இரண்டு காதும் கணீரென்று கேட்குமே... பிறகு ஏன்?

சும்மா இருந்து பார்த்தாள். துரை அசையவில்லை.

வலது...

எழுந்தது.

அப்பா வெளியே வந்தார். எல்லாச் சத்தத்துக்கும் கூப்பிட்டீர்களா என்று கேட்டாள். "கூப்பிட்டேனே" என்றார், முகம் கொடுக்காமல். அவள் கணக்குப் போட்டாள். பாதிக்குத்தான் எழுந்தது. எழுந்தபோதும் போனது தப்பான கதவு. தேறவில்லை என்று அண்ணனுக்குப் போன் செய்தாள். சாயங்காலமே அவன் வந்து அப்பாவை இல்லத்துக்கு அழைத்துப் போய்விட்டான். துரையை அவள் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

மறுநாள் காலை. ஒன்றாம் அறையில் உட்கார்ந்த முதல் நோயாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஹெட்போனில் ஒன்றுமே கேட்கவில்லையாம். அவள் மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். சனிக்கிழமை ரிப்பேருக்கு வந்த ஆள் இரண்டு அறை வயரையும் மாற்றிச் செருகிவிட்டுப் போயிருந்தார். அவளும் அதைச் சரிபார்க்காமலே நேற்றுச் சோதனையை நடத்தியிருக்கிறாள்.

இல்லத்துக்குப் போன் போட்டாள்.

"அப்பா... நேத்து சத்தம் கேட்டுச்சா? உண்மையச் சொல்லுங்க."

"ஒண்ணுகூட கேக்கலம்மா. சொன்னா, பைத்தியத்தோட செவிடும்னு சேத்துடுவீங்களோன்னு பயம்... நான் அதக் கூப்பிடவே இல்ல."

அப்படியானால் அவள் அனுப்பிய சத்தமெல்லாம் போனது காலி அறைக்கு. அங்கே அதைக் கேட்டு, யாரோ துரையைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வலது காதுக்குப் போனபோது மட்டும்.

அன்று அரை நாள் லீவு போட்டாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவை அவர் வீட்டுக்கே திரும்பக் கூட்டி வந்தாள். துரையையும்தான். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துரை தரையில் படுத்திருந்தது.

துரை காதை நிமிர்த்தியது.

எழுந்தது. அம்மாவின் காலி நாற்காலிக்குப் போய், வலது பக்கமாக நின்று வாலை ஆட்டியது...

"நான் கூப்பிடல" என்றார் அப்பா.

"தெரியும்பா."

அவளும் எழுந்து போனாள். துரைக்குப் பக்கத்தில், நாற்காலிக்கு வலது பக்கமாகப் போய் நின்றாள்.