ஒரே ஒயர் கம்ப்யூட்டர்

"நீதானே உக்காந்து வரையப் போறே, நீயே பாத்துச் சொல்லும்மா" என்றார் சார். அதை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. சார் ஆர்க்கிடெக்ட். வொயிட் டவுனில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடு ஒன்றின் முன்பகுதிதான் எங்கள் ஆபீஸ். டிப்ளமோ சிவில் முடித்த நான் வில்லியனூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து அவருக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸில் இருந்த டவர் கம்ப்யூட்டர் மஞ்சளடித்துப்போய், த்ரீ டி படத்தைத் திறந்தாலே முனக ஆரம்பிக்கும். புதிது வாங்க வேண்டும் என்று முடிவானது.

பத்து நாள் அலைந்தேன். எங்கள் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். காந்தி வீதிக் கடைகளில் விசாரித்தேன். இரண்டு பக்கம் எழுதி சாரிடம் கொடுத்தேன். நம் வேலைக்கு டவர்தான் சரி, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும், பிறகு மெமரி கூட்டிக்கொள்ள இடம் இருக்க வேண்டும், மானிட்டர் போனால் மானிட்டரை மட்டும் மாற்றினால் போதும். சார் முழுவதும் படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கே" என்றார்.

அந்த வாரமே சென்னைக்குப் போய்விட்டு ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஆல் இன் ஒன். வெள்ளை வெளேரென்று ஒரு மானிட்டர். கம்ப்யூட்டர் முழுவதும் அதற்குள்ளேயே.

"பாரேன், ஒரே ஒரு ஒயர்! கிளையன்ட் வந்தா எவ்ளோ நீட்டா இருக்கும்."

"சார், கிராபிக்ஸ் கார்டு?"

"எல்லாம் உள்ளயே இருக்கும்மா."

சிஸ்டம் அண்ணன் வந்து மேசையில் துண்டை விரித்து அதைக் குப்புறக் கவிழ்த்தார். தடவித் தடவிப் பார்த்தார். "எங்கம்மா தொறக்குறது இத? லேப்டாப்ப தூக்கி ஸ்டாண்டுல நிக்க வெச்சாப்புல இருக்கு. இதுல கார்டெல்லாம் வெக்க முடியாது" என்றார். சார் அப்போது போனில் இருந்தார். கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு என் பிழைப்பு அந்த வெள்ளைப் பெட்டியோடு மல்லுக்கட்டுவதாகிப்போனது. பிளானும் த்ரீ டியும் சேர்ந்து திறந்தால் நின்றுவிடும். சேமிக்காத வேலை போய்விடும்; மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். மதியத்துக்குள் அதன் முதுகில் தோசை வார்க்கலாம் போலச் சுடும். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பின்னால் வைத்தேன். காகிதங்கள் பறந்தன. சாம்பிள் டைல்ஸ்களை அவற்றின் மேல் அடுக்கினேன்.

"இந்த ஃபேன் எதுக்கு? பாக்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டார் சார்.

"சூடாவுது சார். தாங்க மாட்டேங்குது."

"நீ ஒரே நேரத்துல எல்லாத்தையும் தொறந்து வெக்கிறே."

இப்படி நான்கு தடவை சொன்னேன். நான்கு தடவையும் தப்பு என் மேல்தான் வந்து நின்றது.

வீராம்பட்டினம் தேர் அன்று ஊரே விடுமுறையில் இருந்தது. எனக்கு மட்டும் வேலை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், எங்களூரில் சொல்தா என்பார்களே, அப்படிப்பட்டவர், தன் அப்பா வீட்டின் மேல் மாடி கட்டுவதற்காக மனைவியோடு வந்திருந்தார். மறுநாள் பாரிசுக்கு விமானம். "நானே ஓட்டிக் காட்டுறேன்" என்று, வீட்டுக்குள் நடப்பது போலக் காட்டும் த்ரீ டி படத்தைத் திறந்து சார் மவுசைப் பிடித்தார். ஃபேனை எடுத்து உள்ளறையில் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

வாசல், கூடம் எல்லாம் நன்றாகத்தான் வந்தன. மாடிப்படியில் பாதி ஏறியதும் படம் நின்றது.

"ஏன் நிக்குது?" என்றார் அந்த அம்மா.

"லோட் ஆவுது." சார் மவுசைத் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு தட்டிக்கொண்டே இருந்தார். திரை கறுத்தது. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். பாவமாகக்கூட இருந்தது, ஒரு நிமிஷம்.

"பேப்பர்ல இருக்காம்மா?" என்று சொல்தா என்னைப் பார்த்துக் கேட்டார்.

பிரின்ட்டை மேசையில் விரித்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு படியாக ஏறினார்.

"படி எவ்ளோ ஒசரம்?"

"ஏழு அங்குலம்மா."

"எனக்கு முட்டி வலி. ஆறு வெக்கலாமா?"

"வெக்கலாம். மூணு படி கூடும். கூடம் கொஞ்சம் சின்னதாவும்."

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பென்சிலால் அங்கேயே திருத்தினேன். இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. போகும்போது சொல்தா என்னிடம் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அவர்கள் காரில் ஏறியதும் சார் என்னிடம் திரும்பினார். "இந்த மெஷின் இவ்ளோ மோசம்னு ஏம்மா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நாலு தடவ சொன்னேன் சார். எழுதியும் குடுத்தேன்."

"அழுத்திச் சொல்லணும்மா" என்றார்.

அடுத்த மாதம் டவர் வந்தது. கறுப்பாக, மேசைக்கடியில் சின்ன பீரோ மாதிரி நின்றது. சிஸ்டம் அண்ணன் என் எதிரிலேயே ஒவ்வொன்றாக மாட்டினார். சத்தம் அதிகம்தான், ஆனால் எதைத் திறந்தாலும் நிற்கவில்லை. ஆல் இன் ஒன் வாசல் பக்கத்து மேசைக்குப் போனது. வந்தவர்களெல்லாம் அதைத்தான் அழகு என்றார்கள்.

ஒருநாள் சார் இன்னொரு ஆர்க்கிடெக்டுக்குப் போனில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். "பாக்க அழகாருக்குன்னு ஆல் இன் ஒன் வாங்கி ஏமாந்துடாதீங்க. நம்ம வேலைக்கு டவர்தான். மானிட்டர் போனா மானிட்டர மட்டும் மாத்திக்கலாம். என் அனுபவத்துல சொல்றேன்."

நான் மவுசை விட்டுவிட்டு எழுந்தேன். முனைக் கடை வரைக்கும் நடந்து போய் ஒரு டீ குடித்தேன். ஆறிப்போன டீ, அதுவும் எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்தபோது சார் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். செக்ஷன் டிராயிங் பாக்கி இருந்தது. உட்கார்ந்து வரைந்தேன்.