மாமி வீட்டில் கரண்டு உண்டு

எங்கள் வீடு கேரளம். எல்லை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமி வீடு தமிழ்நாடு.

இன்று சாயங்காலம் டிவி கேமில் முதல்முறையாகக் கடைசிக் கோட்டைக்குள் நுழைந்தேன். உடனே பவர்கட்.

அண்ணன் ஜன்னல் வழியே பார்த்தான். "மாமிக்க வீட்டுல கரண்டு உண்டு. கேம் பெட்டிய எடுத்துட்டு வாட்டி."

வயர்களைக் கழற்றிக்கொண்டு ஓடினோம். செய்தி பார்த்துக்கொண்டிருந்த மாமியைக் கெஞ்சி, அவர் டிவியில் மாட்டினோம். விட்ட இடத்திலிருந்து தொடரும் என்றே நம்பினோம்.

முதல் கட்டத்திலிருந்து தொடங்கியது. புத்தகம் என்றால் பக்கத்தை மடித்து வைத்திருப்பேன்.

"இங்க கரண்டு மட்டுந்தான் உண்டு மக்கா," என்றார் மாமி. "நீ ஜெயிச்சதெல்லாம் அங்கயாக்கும் கெடக்கு. இனி செய்தியப் போடு."

பவர்கட் வந்தாலும் மறக்காத பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எந்த மாநிலமானாலும் வருகிறேன்.