டூ சீட்டருக்கு பஸ் இஞ்சின் வைத்த கதை

இஞ்சின் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். அது நாமே செய்த கோளாறு என்று கண்டுபிடிக்கத்தான் நாள் பிடிக்கும். யுத்த காலத்தில் தென்காசியில் மோட்டார் ஷெட் போட்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுச் சோறு தின்றவர்களாவது நம்புவீர்கள்.

கப்பல் ஏறாத சாமான்

இலஞ்சிப் பண்ணையார் மகன் சங்கரபாண்டியிடம் சிவப்பு டூ சீட்டர் ஒன்று இருந்தது, சீமைக் கார். புது மனைவி கோமதியை அதில் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். திரும்பும்போது இஞ்சின் உடைந்துவிட்டது. கடைத்தெரு வழியாக நாலு பேர் தள்ள, அந்த அம்மாள் உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்தபடி வீடு வந்தார். மறுநாளே ராயகிரியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் தள்ளாமல் அந்தக் கார் ராயகிரிக்கு வந்தால்தான் திரும்புவாராம். ஆடி பிறந்துவிட்டால் புதுப்பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆனியில் மிச்சம் பத்து நாள்.

சீமைச் சாமான் கிடைக்காத காலம். ஆரியங்காவு மலையேறி ஓய்ந்த பஸ் ஒன்றின் இஞ்சினை, செங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தோம். கழற்றிக் கொடுத்த ஆசாரி, பிளக் வயர் நாலின் நுனியிலும் தகர வில்லை கட்டித் தமிழ் எண் கீறியிருந்தார். வழியில் ஒரு வில்லை விழுந்துபோயிற்று. கையில் இருந்தவை ௨, ௩, ௪, அதாவது இரண்டு, மூன்று, நாலு. விழுந்தது ஒன்று என்று சொல்லப் பெரிய படிப்பா வேண்டும்? வில்லை இல்லாத வயரை ஒன்றாவது சிலிண்டரில் மாட்டினேன். இஞ்சின் உயரத்துக்கு பானெட் மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். சங்கரபாண்டி அதைக் கவனிக்கவே இல்லை. “அவ வீட்டு வாசல் வரைக்கும் ஓடட்டும், மேஸ்திரி. அங்கன நின்னுட்டாக்கூட அவ காலைப் பிடிச்சுக்கிடுதேன்.”

பூசணிக்காய் வைத்தியம்

இஞ்சின் கிளம்பியது. ஆனால் நாலு சிலிண்டரில் இரண்டுதான் வேலை செய்தது. உதறிக்கொண்டு ஓடும், நடுநடுவே வேட்டுப் போடும். கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினேன். பிளக்கை மாற்றினேன். கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலைத் துணியில் வடிகட்டினேன். சந்தேகப்பட வேண்டிய வயரை மட்டும் சந்தேகப்படவில்லை.

கண்திருஷ்டிதான் என்று சங்கரபாண்டியின் சித்தப்பா வந்து, காரைச் சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார். மறுபடி கிளப்பினேன். அதே வேட்டு. சித்தப்பா உடைந்த காயைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “காயில ஒரு கொறையும் இல்ல, மேஸ்திரி. இஞ்சின்லதான் என்னமோ கோளாறு இருக்கு.”

சாரலில் வெள்ளோட்டம்

ஓட ஓடச் சரியாகும் என்று நம்பி, குற்றாலத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். நல்ல சாரல். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமி, நனையாமல் போகலாமே என்று வழியில் ஏறிக்கொண்டார். பல் தெறித்துவிடும்போல ஆட்டியது. இறங்கியவர் தோளையும் இடுப்பையும் அசைத்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒடம்புல ஒரு பிடிப்புகூட மிச்சமில்ல. அண்ணாச்சி, இத இங்கன கொண்டாந்து எம் பொழப்புல மண்ணைப் போட்டுராதிய.”

எடுத்த எடுப்பில்

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மானத்தை விட்டுச் செங்கோட்டைக்குப் போய் ஆசாரியையே கூட்டிவந்தேன். அவர் இஞ்சினைத் தொடவில்லை. ௨ என்றிருந்த வில்லையைப் பிடித்து, “இதை எங்க மாட்டினிய?” என்றார்.

“ரெண்டாவதுல.”

வில்லையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ௧, அதாவது ஒன்று, என்று அழகாகக் கீறியிருந்தது. வழியில் விழுந்ததுதான் நிஜ இரண்டு. ஒன்றும் இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. மாற்றி மாட்டியதும் இஞ்சின் தையல் மிஷின்போல ஓடியது. வில்லையை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டுக்கொண்டேன். ஆசாரிக்குத்தான் ஆறவில்லை. “அது ரெண்டில்ல, பிள்ளையார் சுழி. எடுத்த எடுப்புல நம்பரா எழுதுவாக?”

ராயகிரி

கடைசி நாள் காலையில் ராயகிரி போய் நின்றோம். வழியில் ஒருவரும் தள்ளவில்லை. இஞ்சினை அணைக்க எனக்குப் பயம், அப்படியே ஓடவிட்டேன். கோமதி அம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் கை வைத்தார். முகத்தில் சிரிப்பில்லை. சங்கரபாண்டிக்கு நெற்றியெல்லாம் வேர்வை, எனக்கும்தான். பிறகு கோமதி அம்மாள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். டூ சீட்டராயிற்றே, நான் இறங்கி இடம் விட்டேன். ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்து அந்த அம்மாள் சொன்னார்: “அண்ணாச்சி, முந்தில்லாம் இவுக ஊருக்குள்ள திரும்பும்போதே சத்தம் கேட்டு ஒலையில அரிசியப் போட்டுருவேன். இனும இவுக வருதது எனக்கு எப்படித் தெரியும்?”

ஓடாவிட்டாலும் குறை, சத்தமில்லாமல் ஓடினாலும் குறை என்று இரண்டையும் கேட்டுக்கொண்டு, தான் சரிசெய்த வண்டியில் தனக்கு இடமில்லாமல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவனைத்தான் ஊரில் மெக்கானிக் என்கிறார்கள்.