சொல்லி விற்ற சுருட்டு

மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், கரீம் பாயின் சுருட்டுக் கடை இருந்தது. உறையூரிலிருந்து மரப்பெட்டிகளில் சுருட்டு வரும். மூக்குப்பொடியும் புகையிலையும் உண்டு. கடை வாசலில் ஒரு கயிறு நுனி கனிந்தபடி தொங்கிக்கொண்டிருக்கும். வாங்கியவர்கள் அதிலேயே பற்றவைத்துக்கொண்டு ரயிலுக்குப் போவார்கள். சோப்போ ஊதுவத்தியோ யாராவது கேட்டால், "பக்கத்துக் கடையில பாருங்க" என்று சொல்லிவிடுவார் கரீம் பாய். விற்றால் நாலு காசு வருமே, ஏன் விற்பதில்லை என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி ஜஹீரா அக்காவும் கேட்டதில்லை.

அக்கா செங்கல்பட்டில் எட்டாவது வரை படித்தவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கும். கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் அந்தத் திரையைத் தாண்டி அவர் கடைக்குள் வந்ததை எதிர்வீட்டுக்காரர்களான நாங்கள் பார்த்ததில்லை. அறுபத்தாறாம் வருஷம் மழைக்காலம் ஆரம்பிக்கும்போது கரீம் பாய் வேளச்சேரி ரோட்டில் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்துவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது என்று டாக்டர் சொன்னார்.

பாயின் தம்பி ஜமாலுக்குப் பல்லாவரத்தில் இதே வியாபாரம். ஆஸ்பத்திரிக் கட்டில் அருகில் நின்று அவர் பேச்சை எடுத்தார்.

"கடையைச் சாத்திடலாம் அண்ணே. சரக்கை நான் எடுத்துகினு போறேன். அண்ணி வூட்டோட நிம்மதியா இருக்கட்டும்."

"எனக்கு இப்ப என்ன நிம்மதி கெட்டுப்போச்சு?" என்றார் அக்கா. கணவர் பக்கம் திரும்பி, "மச்சான், நானே உக்காந்துக்கறேன்" என்றார்.

"சுருட்டைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும் அண்ணி?"

"விலை தெரியும். மத்தது தெரிஞ்சுக்கறேன்."

கரீம் பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருமுறை சாத்திய கடைக்கு வாடிக்கை திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். தம்பி கைக்குப் போன சரக்கும் திரும்பாது என்பதும் தெரிந்திருக்கும். "மழைக்காலம். சரக்கு கெட்டுச்சுன்னா ஜமால் எடுத்துக்கட்டும். கெடலைன்னா நீ பாரு" என்றார்.

மறுநாள் காலை அக்கா திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டு, தலையில் முக்காட்டோடு கல்லாவில் உட்கார்ந்தார். முதல் வாரம் பாதிப் பேர் கடையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கினார்கள். பெண்ணிடம் சுருட்டு கேட்க அவர்களுக்குக் கூச்சம். அக்காவுக்குக் கூச்சம் இல்லை. "உங்களுக்குத் தடிப்பா, மெலிசா?" என்று அவரே கேட்டார். இரண்டாவது வாரத்தில் யாரும் தாண்டிப் போகவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விற்பனைக்கு எடுத்த பெட்டி தீர்ந்து, இருப்பில் இருந்த இரண்டில் ஒன்றைத் திறந்தார் அக்கா. சுவரை ஒட்டி வைத்த பெட்டி அது. மேலே இருந்த கட்டுகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. அடியில் இருந்தவற்றில் பச்சை கலந்து, பஞ்சு ஒட்டியதுபோல இருந்தது. மற்றப் பெட்டியையும் திறந்தார். அதிலும் அப்படித்தான்.

அக்கா பதறவில்லை. அடுத்தநாள் வியாபாரத்துக்கு வேண்டுமே என்று முதல் பெட்டியை அன்றைக்கே சரிசெய்ய முடிவுசெய்தார். பழைய மல்துணியால் ஒவ்வொரு சுருட்டாகத் துடைத்தார். பூசணம் வந்துவிட்டது. ஆனால் ஈரமும் மக்கல் வாடையும் போகவில்லை. வெயிலைக் கண்டு நாளாகியிருந்தது. மழைக்காலத்தில் குழந்தைத் துணி காயாதபோது என்ன செய்வாரோ அதையே செய்தார். சட்டியில் தணலைப் போட்டு, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் சுருட்டுகளைப் பரப்பினார். சாயங்காலத்துக்குள் எல்லாம் காய்ந்து, தொட்டால் நல்ல மொறுமொறுப்பாக இருந்தது. அன்றைக்கு அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் தேவானந்தம். ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். கயிற்று நெருப்பில் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"ஏண்ணா?"

"சுருட்டு குடுன்னா தர்காவைச் சுருட்டிக் குடுத்துக்கீறே. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்மா. வூட்டுக்குப் போனா எங்கே போய்ட்டு வர்றேன்னு என் பொண்டாட்டி கேக்கறதா?"

அக்கா வேறொரு சுருட்டை எடுத்து மோந்து பார்த்தார். அவர் மூக்குக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாம்பிராணி போடும் வீடு, அந்த வாசம் அவருக்கு வாசமாகவே படுவதில்லை. தேவானந்தத்தின் காசைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மத்தியானம் கடைக்கதவைச் சாத்தினார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். துடைக்காத பெட்டியில் பூசணம் படாத சுருட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். சாம்பிராணி காட்டியதில் ஒன்றை எடுத்தார். அடுப்படியில் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றவைத்து இழுத்தார்.

"கொடலே வெளியே வந்துடும்னு நெனச்சேன்" என்று பிற்பாடு என் அம்மாவிடம் அவர் சொன்னார். "ஆனா தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு புகையிலை. இன்னொண்ணு எங்க வூடு." புகையிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். கரீம் பாய் சோப்பும் ஊதுவத்தியும் விற்காத காரணம் அவருக்கு அப்போதுதான் விளங்கியதாம்.

சாம்பிராணி ஏறிய பெட்டி போனது போனதுதான். அதை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தார். இரண்டு நாள் எங்கள் தெரு முழுக்க ஒரு மாதிரி மணந்தது.

மிச்சமிருந்தது ஒரே பெட்டி. அதை மூன்றாகப் பிரித்தார். பூசணமே படாதது தனி. மேல் இலையில் மட்டும் பூத்து, துடைத்ததும் கறையில்லாமல் போனது தனி. வெட்டிய நுனிக்குள் பூசணம் புகுந்ததைத் தூக்கிப்போட்டார். துடைத்தவற்றைக் கயிற்றுக் கட்டிலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மேஜை விசிறியைத் தள்ளி வைத்து ஓடவிட்டார். தணல் காட்டினால் மேல் இலை வெடிக்கும், மெல்லவே காயட்டும் என்று விட்டுவிட்டார். பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, செங்கல் அடுக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைத்தார். சுருட்டு காய்கிற வரையில் அந்த வீட்டில் மீன் பொரிக்கவில்லை, தாளிக்கவில்லை. கஞ்சியும் ரொட்டியும்தான். "ஜொரம் யாருக்கும்மா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

கடைப் பலகையில் இரண்டு தட்டு வைத்தார். "இது பூசணம் படாதது. இது பூசணம் துடைச்சது. பிடிச்சுப் பாருங்க, சரியில்லைன்னா இங்கேயே கீழே போட்டுட்டுப் போங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். தேவானந்தம் படாததையே எடுத்துக்கொண்டார். துடைத்ததைச் சிலர் வாங்கினார்கள். பலர் யோசித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜமால் ஒரு கைவண்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். விஷயம் எப்படியோ பல்லாவரம் வரைக்கும் போயிருந்தது.

"சரக்கு கெட்டுப்போச்சாமே அண்ணி."

"ஒரு பெட்டியை நான் கெடுத்தேன் தம்பி. சாம்பிராணி காட்டிட்டேன். இன்னொண்ணு மழையில பூத்துச்சு. அது கெடலை, இதோ இருக்கு."

"துடைச்சதுன்னு சொல்லியா விக்கறீங்க?" ஜமால் தலையில் கைவைத்தார். "கட்டுக்கு ரெண்டா உள்ளே சொருகிட்டாப் போச்சு. பிடிக்கிறவனுக்கு இன்னா தெரியும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேவானந்தம் செருமினார்.

"அண்ணன் சொன்னது ஞாபகம் கீதில்ல? கெட்டா எனக்குன்னார். பூசணம் பிடிச்சதுன்னா கெட்டதுதான். வண்டியில ஏத்தவா?" என்றார் ஜமால்.

"கெட்டிருந்தா ஏத்துங்க" என்றார் அக்கா. துடைத்த சுருட்டுகள் இருந்த தட்டை முன்னால் நகர்த்தினார். "வெறும் கண்ணாலே பார்த்துச் சொல்லக்கூடாது. பிடிச்சுப் பாருங்க."

ஜமால் ஒன்றை எடுத்தார், நுனியைப் பார்த்தார், நசுக்கிப் பார்த்தார், மோந்தார். கயிற்றின் பக்கம் கை போய்விட்டுத் திரும்பி வந்தது.

"உங்க முன்னாடியா?"

அண்ணிக்கு எதிரில் அவர் அதுவரை பீடி கூடப் பிடித்ததில்லை. அண்ணனுக்கு எதிரில் இன்றைக்கும் பிடிக்கமாட்டார்.

"நான் திரும்பிக்கறேன்" என்றார் அக்கா.

"அதெல்லாம் வேணாம் அண்ணி." ஜமால் தலைகுனிந்தபடி கயிற்றில் பற்றவைத்து, வாயில் வைக்காமலேயே ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாப் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து ஆள் தெரியவில்லை. சுவருக்கு மேலே புகை மட்டும் தெரிந்தது.

அக்கா கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே அந்தச் சுவரையும் பார்த்தார். இரண்டு இழுப்பில் மக்கல் தெரிந்துவிடும் என்பது இப்போது அவருக்கும் தெரியும். இரண்டு இழுப்பு ஆயிற்று. ஒரு பஸ் வந்து போயிற்று. புகை நிற்கவில்லை.

"பதம் பாக்கறவன் இம்மாம் நேரமா பார்ப்பான்?" என்றார் தேவானந்தம். "ரசிச்சுகினு கீறார்மா உன் கொழுந்தனார்."

வண்டிக்காரர் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. புகை மெலிந்து அடங்கும்வரை காத்திருந்தார்.

ஜமால் ஒரு கிராம்பை மென்றபடி திரும்பி வந்தார். கையில் துண்டுச் சுருட்டு எதுவும் இல்லை.

"எங்கே தம்பி, பாதியிலே கீழே போட்டுட்டீங்களா?"

"இல்ல அண்ணி."

பெஞ்சிலிருந்து எழுந்த தேவானந்தம், "அந்தத் துடைச்சதுல எனக்கு ஒரு கட்டு குடும்மா" என்றார்.

"நீ போப்பா" என்று ஜமால் வண்டிக்காரரிடம் சொன்னார்.

"கூலி?" என்றார் வண்டிக்காரர். ஜமால் கல்லாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"கூப்பிட்டவங்கதான் குடுக்கணும் தம்பி" என்றார் அக்கா.

தை மாதம் கரீம் பாய் கோலை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கல்லாவின் பின்னால் இருந்த நாற்காலியை அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. பாய்க்கென்று பக்கத்தில் இன்னொன்று வாங்கிப் போட்டார்.